குளோன் மூவ்மென்ட்களுக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த ‘சூப்பர் குளோன்’ சப்மரினர், அதாவது ரோலெக்ஸின் முக்குளிப்புக் கடிகாரத்தின் மேல்மட்டப் போலி ஒன்று உங்களிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் மூவ்மென்ட், அதாவது கடிகாரத்தை ஓட்டும் மெஷின், ரோலெக்ஸ் 3235-ன் குளோன் (பிரதி) என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். ஒன்றரை வருடத்துக்குள் இரவில் கழற்றி வைத்தால் காலையில் நின்றுபோய்க் கிடக்கிறது. பெங்களூர் சிக்பேட்டையில் இரண்டு கடைக்காரர்கள் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ‘இது வேண்டாம் சார்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி மூவ்மென்ட்கள் இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடிக்குமா, நண்பர் சொன்னது போலப் பேசாமல் 2824 என்ற சுவிஸ் மூவ்மென்ட் வகை போட்டதையே வாங்கியிருக்கலாமோ என்று கேட்கிறீர்கள். வார்த்தையில் எதிர்காலத்தைக் கேட்டாலும் உங்கள் கவலை ஒன்றுதான்: பழுதானால் இதைப் பார்க்க ஆள் இருக்குமா, போட ஸ்பேர் இருக்குமா? அதற்கே பதில் சொல்கிறேன்.

ஒரு மூவ்மென்ட் எத்தனை வருடம் வாழும் என்பதை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. போலிப் பெயர் இல்லாத, நேர்மையான கடிகாரங்கள் எத்தனையில் அது ஓடுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும் ஜனதா கடிகாரத்தில் இருக்கும் 17 கல் (உராய்வைக் குறைக்கும் மாணிக்கக் கற்கள்) மெஷினுக்கு இன்றைக்கும் பேலன்ஸ் (ஊசலாடி நேரத்தை அளக்கும் சக்கரம்) கிடைக்கிறது, மெயின் ஸ்பிரிங் (சாவி ஏறும் சுருள்வில்) கிடைக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் கைகளும் கிடைக்கின்றன. ஊரெல்லாம் அந்த மெஷின் கொட்டிக் கிடப்பதால்தான் இது நடக்கிறது. சீனாவில் 1970-களில் அரசு உத்தரவுப்படி பல தொழிற்சாலைகள் ஒரே வடிவத்தில் செய்த ‘டோங்ஜி’ மூவ்மென்ட்டும் அப்படித்தான். அதைவிட நல்ல மூவ்மென்ட்கள் எத்தனையோ வந்து போய்விட்டன, அது இன்னும் சந்தையை விட்டுப் போகவில்லை. போலிக் கடிகாரத்துக்காகவே செய்யப்படும் மூவ்மென்ட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்கு ஸ்பேர் பட்டியல் இல்லை, டெக்னிக்கல் ஷீட் இல்லை, அடுத்த வருடம் இதே பாகத்தைத் தருகிறேன் என்று பொறுப்பேற்க ஆளும் இல்லை.

2824 என்ற பெயர் இவ்வளவு அடிபடுவதற்கும் இதுதான் காரணம். இடிஏ 2824-2 என்பது 25.6 மில்லிமீட்டர் விட்டம், 4.6 மில்லிமீட்டர் தடிமன், மணிக்கு 28,800 துடிப்பு, 25 கல் கொண்ட சுவிஸ் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் மூவ்மென்ட். ஸ்வாட்ச் குழுமத்துக்குச் சொந்தமான இடிஏ, வெளியாருக்கு மூவ்மென்ட் கொடுப்பதைக் குறைக்க 2000-களின் தொடக்கத்திலேயே முயன்றது. சுவிஸ் போட்டி ஆணையம் குறுக்கே வந்து, 2013-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2019 இறுதிவரை படிப்படியாகக் குறைக்கலாம் என்று முடிவானது. 2020-ல் அந்தக் கட்டுப்பாடும் விலகியது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பது இப்போது இடிஏ-வின் விருப்பம். இதற்கிடையில் 2824-ன் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டதால் சுவிஸ் நிறுவனமான செல்லிட்டா அதே வடிவத்தை எஸ்டபிள்யூ200 என்று செய்தது, தியான்ஜினில் சீகல் எஸ்டி2130 என்று செய்தது, ஹாங்காங்கிலிருந்து பிடி5000 வந்தது. இவை எல்லாமே சட்டப்படி சுத்தமான மூவ்மென்ட்கள். பலரும் குழம்பும் இடம் இது. காலாவதியான வடிவத்தைப் பார்த்து மூவ்மென்ட் செய்வது குற்றமாகாது. அதை வைத்து டயலில் இன்னொருவன் முத்திரையைப் போடுவதுதான் குற்றம். சீனாவின் சொந்தப் பெயர் பிராண்டுகள் பல இந்த 2824 குடும்பத்தைத்தான் போடுகின்றன. பெங்களூரு வாட்ச் கம்பெனிகூட செல்லிட்டாவையும் ஜப்பானின் மியோட்டாவையும் நம்பித்தான் கடிகாரம் செய்கிறது. இத்தனை நேர்மையான வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை அந்தக் குடும்பம் சாகாது. அதே மூவ்மென்ட் போட்ட போலிக் கடிகாரத்துக்கும் அந்த நிழல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

மெஜஸ்டிக் பக்கம் நடைபாதையில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘7ஏ’ என்று கூவி விற்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அந்தச் சொற்களுக்கு அளவுகோல் எதுவும் கிடையாது, விற்பவன் வாயில் வருவதுதான் தரம். உள்ளே பெரும்பாலும் செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ். மியோட்டா 2035 போன்றதாக இருந்தால் கெட்டுப்போனதும் முழு மெஷினையும் மாற்றிவிடுவார்கள், ரிப்பேர் செய்ய எவரும் மெனக்கெட மாட்டார்கள். கொஞ்சம் விலை கூடினால் மியோட்டா 8215-ன் சீன நகலான டிஜி2813 வரும். நொடிக்கு ஆறு துடிப்பு, ஒரு பக்கம் சுழன்றால் மட்டும் சாவி ஏறும் ரோட்டார் (கை அசைவில் சுழலும் எடை). முரட்டு மெஷின், அடி தாங்கும், நேரம் துல்லியமாக இருக்காது. இதுவும் சீக்கிரத்தில் மறையாது.

உங்கள் கையில் இருப்பது வேறு இனம். ரோலெக்ஸ் 3135 என்பது 1988-ல் வந்த மூவ்மென்ட். 28.5 மில்லிமீட்டர் விட்டம், 31 கல், இரண்டு பக்கமும் தாங்கும் பேலன்ஸ் பிரிட்ஜ். நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கை இதில் இல்லை. பேலன்ஸ் சக்கரத்தின் உட்புறம் இருக்கும் மைக்ரோஸ்டெல்லா திருகுகளைத் தனிக் கருவியால் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். முதலில் வந்த ‘3135 குளோன்’கள் பலவும் 2824 நகலின் மேல் 3135 போலத் தெரியும் தகட்டைப் போர்த்தியவைதான். பிறகு பாகத்துக்குப் பாகம் பிரதி எடுத்தவை வந்தன. 2015-ல் ரோலெக்ஸ் 3235-ஐக் கொண்டுவந்தது. 70 மணி நேர பவர் ரிசர்வ் (முழுச் சாவியில் ஓடும் நேரம்), பால் பேரிங்கில் சுழலும் ரோட்டார், க்ரோனெர்ஜி என்று பெயரிட்ட எஸ்கேப்மென்ட் (ஸ்பிரிங்கின் சக்தியைத் துடிப்பு துடிப்பாகப் பேலன்ஸுக்கு விடும் பகுதி).  எஸ்கேப்மென்ட்டின் பேலட் கற்களைப் பாதியாக மெலிய வைத்து, எஸ்கேப் சக்கரத்தை நிக்கல் பாஸ்பரஸில் செய்து, எஸ்கேப்மென்ட்டின் செயல்திறனை 15 சதவீதம் கூட்டினார்கள். மெயின் ஸ்பிரிங் இருக்கும் டிரம்மின் சுவரை மெலிதாக்கி உள்ளே நீளமான ஸ்பிரிங்கைச் சுருட்டினார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த 70 மணி நேரம்.

குளோன் செய்பவர்கள் இதில் எதைப் பிரதி எடுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் இரவில் ஏன் நிற்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும். பிரிட்ஜின் வடிவம், ரோட்டாரின் எழுத்து, ரிவர்சர் சக்கரத்தின் (ரோட்டார் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏற வைக்கும் சக்கரம்) சிவப்பு நிறம் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நன்றாக வருகிறது. இன்றைய சிஎன்சி மெஷின்களுக்கு அது பெரிய வேலையில்லை. கண்ணுக்குத் தெரியாதது மூன்று: உலோகத்தின் பதம், முனைகளின் பாலிஷ், எண்ணெய் வைத்த விதம். பேலன்ஸ் அச்சின் முனை தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அது சரியான கடினத்துக்குப் பதப்படுத்தப்படாமல் இருந்தால் எந்தப் புகைப்படத்திலும் தெரியாது, மூன்றாவது வருடம் கல்லுக்குள் கறுப்புப் பொடியாகத் தெரியும். எண்ணெயும் அப்படியே. ஒரு கல் காய்ந்திருக்கும், பக்கத்துக் கல்லில் வழிந்து நிற்கும். இது குளோன்களில் மிகச் சாதாரணமாகக் காணும் குறை.

வேடம் போட்டவைக்கும் பிரதிக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘குளோன்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் விற்கிறார்கள். மெலிந்த ஸ்போர்ட்ஸ் கடிகாரப் பிரதிகளில் மியோட்டா 9015-ஐ வைத்து மேலே அலங்காரத் தகடு ஒட்டுவார்கள். 9015 வெறும் 3.9 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் தகடு போட இடம் கிடைக்கிறது. தகட்டைக் கழற்றினால் உள்ளே நாணயமான ஜப்பானிய மூவ்மென்ட் இருக்கும், சர்வீஸ் செய்யலாம். ஒமேகா கோ-ஆக்ஸியல் பிரதிகள் இதற்கு நேர்மாறு. பெயர்தான் கோ-ஆக்ஸியல் (ஒமேகா பயன்படுத்தும் தனி வகை எஸ்கேப்மென்ட்), உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண சுவிஸ் லீவர் எஸ்கேப்மென்ட். ஒமேகாவின் அசல் 8800 போன்ற மூவ்மென்ட்கள் 15,000 காஸ் காந்தப் புலத்தைத் தாங்கும் என்று சான்று பெற்றவை. பிரதியோ மொபைல் கவரில் இருக்கும் காந்தத்துக்கே நிமிடக் கணக்கில் வேகமாக ஓடத் தொடங்கிவிடும். மோசமானது ரோலெக்ஸின் ஸ்டாப்வாட்ச் கடிகாரமான டேடோனாவின் பழைய பிரதி. அதில் போட்ட இடிஏ 7750 வகை மூவ்மென்ட்டில் ஓடும் நொடி முள் 9 மணிப் பக்கம் இருக்கும். டேடோனாவில் அது 6 மணிப் பக்கம் வர வேண்டும். அதற்காக நடுவில் கூடுதல் சக்கரங்களைச் செருகி நொடியை அங்கே கடத்தினார்கள். ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் சக்தியைத் தின்னும். பேலன்ஸின் வீச்சு (ஒவ்வொரு ஊசலிலும் அது சுழலும் கோணம்) விழும், ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டால் கடிகாரமே நிற்கும். இதில் திறமையான மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, வடிவத்திலேயே கோளாறு. ரோலெக்ஸ் 2000-ல் கொண்டுவந்த 4130-ஐ முழுதாகப் பிரதி எடுத்த சீன மூவ்மென்ட்கள் வந்த பிறகு அந்த ஒட்டுவேலை 7750-கள் சத்தமில்லாமல் ஒதுங்கின. அதை வாங்கியவர்கள் இன்று அனாதை.

அந்த அனாதைக் கதைதான் திரும்பத் திரும்ப நடக்கப்போகிறது என்பது என் கணிப்பு. இதுவரை சொன்னவை உறுதியானவை, இனி வருவது கணிப்பு என்று பிரித்து வாசியுங்கள். அசல் நிறுவனம் ஒரு புது மூவ்மென்ட்டைக் கொண்டுவந்தால் பிரதிச் சந்தை சில வருடத்துக்குள் அதன் பின்னால் போய்விடும். 3135-லிருந்து 3235-க்குப் போனது அப்படித்தான். 2023-ல் டேடோனா 4131-க்கு மாறியதும் பேச்சு அதன் பக்கம் திரும்பியது. பழைய பிரதியின் அச்சு, கருவி, மிச்சப் பாகங்கள் எதையும் எவரும் பாதுகாத்து வைக்கப்போவதில்லை. மேல்மட்டத்தில் பிரதி இன்னும் நெருங்கும், ஒவ்வொரு பிரதியின் ஆயுளும் இன்னும் குறையும். கீழ்மட்டத்தில் நேர்மாறாக மூவ்மென்ட்களின் எண்ணிக்கை சுருங்கி, 2824 குடும்பம், மியோட்டா, சீகோ என்எச்35, இவற்றின் நகல்கள் என்று நாலைந்தில் நிற்கும். சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங் (பேலன்ஸை ஊசலாட வைக்கும் நுண்ணிய சுருள்) பற்றியும் சிலர் ஆசையாகப் பேசுகிறார்கள். வெப்பத்தால் மாறாத சிலிக்கான் ஹேர் ஸ்பிரிங்கின் அடிப்படைக் காப்புரிமை 2022 இறுதியில் முடிந்தது உண்மைதான். அதனால் சட்டக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அது செதுக்கும் வேலையல்ல, சிப் செய்வது போன்ற வேலை. ஒளித்து மறைத்து நடக்கும் பட்டறைக்கு அது தோதுப்படாது, வந்தால் பெயர் உள்ள சீன நிறுவனங்கள் மூலம்தான் வரும். உடைந்தால் ஒட்டவோ வளைக்கவோ முடியாது, முழுதாக மாற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் கடிகாரத்துக்கு வருவோம். இரவில் நிற்பதை வைத்து மூவ்மென்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். காலையில் நின்ற கடிகாரத்துக்குக் குமிழைத் திருகி 40 சுற்று சாவி கொடுங்கள். மேசையில் டயல் மேலே பார்க்க வைத்துவிட்டு எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 45 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மூவ்மென்ட்டின் உடம்பு நன்றாகவே இருக்கிறது, கையில் கட்டும்போது சாவி ஏறவில்லை, அவ்வளவுதான். அப்போது சந்தேகம் ரோட்டாரின் மேலும் ரிவர்சர் சக்கரங்களின் மேலும். கையால் சாவி கொடுக்கும்போது உள்ளே ரோட்டார் விர்ரென்று சுற்றும் சத்தமோ அதிர்வோ வந்தால் சந்தேகமே வேண்டாம், ரிவர்சரின் பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காரணம் பெரும்பாலும் கெட்டியான எண்ணெய். அந்த நிலையில் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தால் பற்கள் தேயும், நிறுத்திவிடுங்கள். மாறாக, முழுச் சாவிக்கும் 20, 25 மணி நேரத்தில் நின்றால் பழுது டிரம்மிலோ சக்கர வரிசையிலோ இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் மெயின் ஸ்பிரிங்கின் வெளி முனை டிரம் சுவரில் மாட்டப்பட்டிருக்காது. சுவரை அழுத்தி நிற்கும், முழுச் சாவி ஏறியதும் வழுக்கும். அந்தச் சுவருக்கென்றே பிடிமானம் தரும் பிரேக்கிங் கிரீஸ் உண்டு. அங்கே சாதாரண எண்ணெயைத் தடவியிருந்தால் பாதிச் சாவியிலேயே வழுக்கிவிடும், 70 மணி நேரம் கனவாகிவிடும். குளோன்களில் அடிக்கடி காணும் இந்தக் குறை, சரிசெய்யக்கூடிய குறை.

காந்தமேறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும். கடிகாரத்தை அருகில் கொண்டுபோனால் முள் ஒரேயடியாகத் திரும்புவது பெட்டியின் எஃகினால்கூட இருக்கலாம். ஆனால் முள் படபடவென்று துடித்தால் ஹேர் ஸ்பிரிங் காந்தமேறியிருக்கிறது. டீமேக்னடைசர் வைத்திருக்கும் எந்தக் கடையிலும் ஒரு நிமிட வேலை.

டைமிங் மெஷின் வைத்திருக்கும் கடையில் ஓட்டிப் பார்த்தால் மூன்று எண்கள் கேளுங்கள். முழுச் சாவியில் டயல் மேலே பார்க்க வீச்சு 270-லிருந்து 310 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 24 மணி நேரம் கழித்து 220-க்குக் கீழே போனால் சர்வீஸ் தேவை. பீட் எரர், அதாவது ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம், 0.6 மில்லி நொடிக்குள் இருந்தால் போதும். மூன்றாவது, ஆறு நிலைகளில் நேர வித்தியாசம். படுத்த நிலையில் நன்றாக ஓடி, நிமிர்த்தினால் வீச்சு 50, 60 டிகிரி விழுகிறது என்றால் பேலன்ஸ் முனையிலோ கல்லிலோ கோளாறு. மெஷினில் லிஃப்ட் ஆங்கிளை (வீச்சைக் கணக்கிடக் கொடுக்கும், மூவ்மென்ட்டுக்கு மூவ்மென்ட் மாறும் கோணம்) சரியாக வைக்கச் சொல்லுங்கள். 2824-க்கு 50, 3135-க்கு 52. இது மாறிப்போனால் வீச்சும் பொய் சொல்லும். 50 டிகிரி மூவ்மென்ட்டை 52-ல் வைத்துப் பார்த்தால் 288-ஐ 300 என்று காட்டும். மொபைல் ஆப்களில் தினசரி நேர வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம், வீச்சை நம்ப வேண்டாம்.

உள்ளே இருப்பது சொன்ன மூவ்மென்ட்தானா என்பதைப் பின்மூடியைத் திறக்காமல் முழுதாகச் சொல்ல முடியாது. மொபைலில் 240 ஃபிரேம் வேகத்தில் நொடி முள்ளைப் படமெடுத்தால் பாதி தெரியும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 30 ஃபிரேம் வந்தால் 28,800, 40 வந்தால் 21,600. இரண்டாவதாக இருந்தால் 3235 என்று சொன்னதே பொய். முதலாவதாக இருந்தால் 2824 நகலாகவும் இருக்கலாம், 3235 பிரதியாகவும் இருக்கலாம். திறந்ததும் பேலன்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் காக், அதில் நகர்த்தக்கூடிய ரெகுலேட்டர் கை என்றால் 2824 வகை. இரண்டு பக்கமும் தாங்கும் பிரிட்ஜ், ரெகுலேட்டர் இல்லை என்றால் பிரதி. இது தெரியாமல் எவரையும் திருகுகளைத் தொடவிடாதீர்கள். மைக்ரோஸ்டெல்லா போலத் தெரிவதெல்லாம் உண்மையிலேயே நேரத்தைச் சரிசெய்பவை அல்ல. சில வெறும் அலங்காரம், திருப்பினால் பேலன்ஸின் சமநிலைதான் கெடும்.

கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்ததற்குக் கோபப்பட வேண்டாம், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பிரித்துக் கழுவி எண்ணெய் போடும் உழைப்பு அசலுக்கும் குளோனுக்கும் ஒன்றுதான். குளோனில் கழற்றும்போதே ஒரு திருகின் தலை உடைந்தால் மாற்றுத் திருகு கிடையாது. 2824-லேயே குமிழின் ஸ்டெம்மை (தண்டை) எடுக்க அந்தச் சிறு குழியை அளவுக்கு மீறி அழுத்தினால் செட்டிங் லீவர் கழன்றுவிடும், பிறகு முள்ளையும் டயலையும் எடுத்தால்தான் திரும்ப மாட்ட முடியும். 2824-ல் அது அரை மணி வேலை. பாகம் அளவெடுத்தது போல உட்காராத குளோனில் அரை நாள். அதற்குமேல் ‘கொடுத்தபோது ஓடியதே’ என்ற பேச்சும் வரும். அசல் ஸ்பேர் வாங்கிப் போடலாமே என்றால், ரோலெக்ஸ் தன் வலையத்துக்கு வெளியே பாகம் விற்பதில்லை, ஸ்வாட்ச் குழுமமும் மொத்த வியாபாரிகளுக்குப் பாகம் கொடுப்பதை 2015 இறுதியோடு நிறுத்தியது. அசலையே ரிப்பேர் செய்யத் திணறும் தனிக் கடைக்காரர் குளோனுக்கு எங்கே போவார்? அதனால் போகும்போது ‘சரிசெய்து கொடுங்கள்’ என்று கேட்காமல், ‘டிரம்மையும் ரிவர்சரையும் மட்டும் பாருங்கள், பாகம் உடைந்தால் என் பொறுப்பு’ என்று எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். வேலை சிறிதாகவும் தெளிவாகவும் இருந்தால் ஒப்புக்கொள்ளும் கை கிடைக்கும். ரிவர்சருக்கு மெல்லிய படலமாகக் காயும் எண்ணெய், டிரம் சுவருக்குப் பிரேக்கிங் கிரீஸ், பேலட் கற்களுக்கு 9415 என்ற கிரீஸ், பேலன்ஸ் முனைகளுக்கு 9010 என்ற எண்ணெய் என்று பிரித்துச் சொல்பவரிடம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ப் புட்டியை எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மூவ்மென்ட்டையே மாற்றிவிடலாமா என்றால், அதே பிரதியின் இன்னொன்று கிடைத்தால் மட்டும் மாற்றலாம். குளோன் உலகில் சர்வீஸ் என்பதே பெரும்பாலும் இதுதான், ஒன்றை அறுத்து இன்னொன்றுக்கு வைப்பது. வேறு குடும்பத்தைப் போடுவது நினைப்பதைவிடச் சிக்கல். 28.5 மில்லிமீட்டருக்குக் குடைந்த கூட்டில் 25.6 மில்லிமீட்டர் 2824-ஐ வைக்க நடுவே வளையம் வேண்டும். டயலின் கால்கள் வேறு இடத்தில் இருக்கும், வெட்டி ஒட்ட வேண்டும். ஸ்டெம்மின் உயரம் பொருந்தாது, தேதி எண் ஜன்னலின் நடுவில் உட்காராது. 2824-லிருந்து என்எச்35-க்குப் போகிறவர்களுக்கும் இதே தலைவலி. விட்டம் 27.4, தடிமன் 5.32, நொடி முள்ளின் துளைகூட 0.25-க்குப் பதில் 0.20.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. ரிப்பேர் கணக்கை மட்டும் பார்த்தால் 2824 குடும்பம்தான் நீடிக்கும், எஸ்டபிள்யூ200-ன் சக்கரத்தை அதில் பொருத்திச் சமாளிக்கவும் பல சமயம் முடியும். ஆனால் அந்த நியாயத்தை முழுதாகப் பின்தொடர்ந்தால் அது போலியில் வந்து நிற்காது. 2824 வேண்டுமென்றால் அதே மூவ்மென்ட்டைச் சொந்தப் பெயரில் போட்டு, ரசீதும் வாரண்டியும் கொடுக்கும் கடிகாரங்கள் இருக்கின்றன, மேல்மட்டக் குளோனின் விலைக்குள்ளேயே. போலியில் கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு டயலில் இருக்கும் அந்தக் கிரீடத்துக்குத்தான் போகிறது, மெஷினுக்கு அல்ல. இன்னொன்று, இதை வேண்டாமென்று ஒருநாள் விற்கத் தோன்றினால் விற்காதீர்கள். போலி முத்திரையோடு பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். போலி என்று சொல்லியே விற்றேன் என்பது தப்பிக்கும் வழியாகாது.

வைத்துக் கட்டுவதென்றால் சில காரியங்கள் ஆயுளைக் கூட்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவில் தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், குளோனில் அந்தப் பல் முதலில் உடையும். தினமும் கையால் சாவி கொடுக்கும் பழக்கம் வேண்டாம், நின்றால் மட்டும் பத்துச் சுற்று கொடுத்துக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். 300 மீட்டர் என்று டயலில் எழுதியிருப்பதை நம்பி நீச்சல் குளத்தில் இறங்க வேண்டாம். பிரஷர் டெஸ்டர் உள்ள கடையில் தண்ணீர் இல்லாமல் காற்றழுத்தத்தில் 3 பார் வரை சோதித்துப் பார்த்தபின் மழையில் நனைக்கலாம். முதலில் 40 சுற்றுச் சோதனையைச் செய்துவிட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்று இங்கேயே எழுதுங்கள். அந்த எண் தெரிந்தால் டிரம்மா ரிவர்சரா என்று இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்.